பழைய டிரம் செட்டின் நாதம் எதில் இருக்கிறது: மரத்திலா, விளிம்பிலா?

கடலூர் முதுநகரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. உங்கள் சின்னத் தாத்தா 1960களில் மெல்லிசைக் குழுவில் வாசித்த டிரம் செட், புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுப் பரணிலிருந்து இப்போதுதான் கீழே இறங்கியிருக்கிறது. 22 அங்குல பேஸ் டிரம், 13 அங்குல டாம், 16 அங்குல ஃப்ளோர் டாம், அடியில் கம்பிகள் கட்டிய 14 அங்குல மர ஸ்நேர். வெள்ளை பேர்ல் கவர் மஞ்சளாகிவிட்டது, கம்பெனி வில்லை எப்போதோ உதிர்ந்துவிட்டது. பழுது பார்ப்பவர் ஒருவர் ஷெல்லின் (டிரம்மின் மர உருளையின்) விளிம்பை 45 டிகிரிக்குக் கூராக வெட்டி, உட்புறத்தை இழைத்து வார்னிஷ் அடித்து, தடித்த இரட்டை அடுக்கு ஹெட் (தட்டும் தோல்) மாட்டலாம் என்கிறார். வீட்டில் மிருதங்கம் தெரிந்த பெரியவரோ, "மரம் அறுபது வருஷம் முற்றியிருக்கு, நாதமே அதிலதான், கை வைக்காதே" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், பழைய டிரம்மில் அந்தத் தணிந்த, உருண்டையான சத்தம் எதிலிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பெரியவரின் முடிவு சரி. அவர் சொல்லும் காரணம்தான் இந்த வாத்தியத்துக்குப் பொருந்தாது. கை வைக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் காக்க வேண்டியது மரத்தின் வயதை அல்ல, அதன் விளிம்பை. மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் பழையபடி வைத்துவிடலாம். வெட்டிய விளிம்பை ஒட்ட முடியாது.

மிருதங்கக்காரர்கள் மரத்தைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பண்ருட்டிப் பலாவில் ஒரே துண்டாகக் கடைந்தெடுத்த கட்டை அது. ஒரு மரம், ஒரே நார் ஓட்டம், கனமான சுவர். அதில் ஈரம் எவ்வளவு மிச்சம், வைரம் பாய்ந்த பகுதி எவ்வளவு, எங்கே கணு இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வரும். டிரம் செட்டின் ஷெல் அப்படிப்பட்டதல்ல. மெல்லிய மரத்தகடுகளைப் பசை தடவி, அச்சில் வளைத்து ஒட்டிய ஒட்டுப்பலகை உருளை. 1960களின் அமெரிக்க, ஆங்கிலேய செட்டுகளில் பெரும்பாலும் மூன்று அடுக்கு. மேப்பிள், மஹாகனி, பாப்லர், பிர்ச் என்று கம்பெனிக்குக் கம்பெனி கலவை மாறும். (ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனியின் ரேடியோ கிங் ஸ்நேர் போல, ஒரே மேப்பிள் பலகையை ஆவியில் வளைத்துச் செய்தவை உண்டு. அவை விதிவிலக்கு.) மரத்தோடு பசையும் சேர்ந்தே அந்த உருளைக்கு விறைப்பைத் தருகிறது. ஆகவே "மரம் முற்றினால் நாதம் கூடும்" என்ற நம் ஊர்க் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. ஒரே சீரான வட்டத் தோலைத் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று ஸ்ருதி சேராதவை. அடிப்படை ஒலியை 1 என்று வைத்துக்கொண்டால் அடுத்தவை 1.59, 2.14, 2.30, 2.65 என்று போகும். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) நடுவே கரணை என்ற கருப்புப் பூச்சு இருப்பதால்தான் அவை 2, 3, 4, 5 என்று ஸ்ருதி சேர்கின்றன. சி.வி. ராமன் இதை 1920-இலும் பிறகு விரிவாக 1934-இலும் எழுதியிருக்கிறார். டிரம் செட்டில் கரணை கிடையாது. அதனால் ஸ்ருதி சேராத மேல் ஒலிகளில் எவை எவ்வளவு நேரம் நீடிக்கின்றன என்பதே அதன் "குரல்". அந்த மேல் ஒலிகளைச் சீக்கிரம் அடக்கினால் 'தும்' என்று உருண்டு வரும். நீள விட்டால் 'டோய்ங்' என்று இழுத்து ஒலிக்கும். பழைய சத்தம், புதிய சத்தம் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இதுதான். எதெல்லாம் மேல் ஒலிகளை அடக்குகிறதோ, அதெல்லாம் பழைய சத்தத்துக்குக் காரணம்.

முதல் காரணம் ஹெட். 1950களின் நடுப்பகுதி வரை டிரம் செட்டுகளில் கன்றுத்தோல்தான். 1956, 57 வாக்கில் சிக் எவன்ஸ், ரெமோ பெல்லி போன்றவர்கள் மைலார் என்ற பாலியெஸ்டர் படலத்தில் ஹெட் செய்து விற்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் கன்றுத்தோல் ஒதுங்கிவிட்டது. உங்கள் செட் இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தது. தோல் ஒரே தடிப்பில் இருக்காது, ஈரத்தை உறிஞ்சும், தானாகவே மேல் ஒலிகளை விழுங்கும். ஐப்பசி மழையில் தொய்ந்துபோகும், கத்திரி வெயிலில் விறைத்துக்கொள்ளும். கடற்கரை ஊரில் தோல் ஹெட்டோடு கச்சேரி வாசிப்பது எவ்வளவு தொல்லை என்று தவில்காரரைக் கேட்டால் சொல்வார். ஆரம்பகால மைலார் ஹெட்டுகள் ஒற்றை அடுக்கு, மேலே வெள்ளைப் பூச்சு. அந்தப் பூச்சு பிரஷ் வாசிக்க உதவியதோடு மேல் ஒலிகளையும் சற்றுக் குறைத்தது. நம் காதில் இருக்கும் 60களின் சத்தம் பெரும்பாலும் இந்த ஒற்றை அடுக்குப் பூச்சு ஹெட்டின் சத்தம்தான். நடுவே எண்ணெய் வைத்த ஹெட்டும் தடித்த இரட்டை அடுக்கு ஹெட்டும் பிற்காலத்துப் பழக்கம். மெல்லிய பழைய ஷெல்லில் அவற்றை மாட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் வரும். அப்போது ஷெல்லைக் குறை சொல்வார்கள்.

இரண்டாவது காரணம் விளிம்பு. இதைப் பற்றி கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் செட்டுக்கு ஆபத்து இங்கேதான். ஹெட் ஷெல்லைத் தொடும் இடம் விளிம்பு மட்டுமே. இப்போதைய டிரம்களில் உட்பக்கம் 45 டிகிரிக்குச் சீவி, வெளிப்பக்கம் ஒரு சிறு சீவல் கொடுத்து, உச்சியை ஏறக்குறைய ஒரு கோடாக ஆக்கிவிடுகிறார்கள். ஹெட் அந்தக் கோட்டில் மட்டும் உட்காரும். தொடும் பரப்பு குறைவு என்பதால் மேல் ஒலிகள் தடையில்லாமல் நீளும், குச்சி படும் சத்தம் பளிச்சென்று கேட்கும். பழைய டிரம்களில் விளிம்பு 30 டிகிரி போலத் தட்டையாகவோ, வெளிப்பக்கம் உருட்டியோ இருக்கும். விரலை வைத்துத் தடவினால் கூர்மை தெரியாது, குழவிக் கல்லின் முனைபோல வழுவழுப்பாக வளையும். ஹெட் அங்கே சில மில்லிமீட்டர் அகலத்துக்கு மரத்தின் மீது படுத்திருக்கும். அந்தப் படுகையில் மேல் ஒலிகள் சீக்கிரம் செத்துவிடும், அடி ஒலி மட்டும் மிஞ்சும். அதே ஷெல், அதே ஹெட், விளிம்பை மட்டும் மாற்றினால் வேறு டிரம்மாகிவிடும். பழுது பார்ப்பவர் சொன்னபடி வெட்டினால் அறுபது வருஷத்து ஷெல்லில் இன்றைய செட்டின் சத்தம் கேட்கும். அது கெட்ட சத்தம் அல்ல. ஆனால் அதற்குப் புது செட்டே வாங்கிக்கொள்ளலாமே.

ஸ்நேரில் இந்த வெட்டு இன்னொரு கெடுதலும் செய்யும். ஸ்நேரின் கீழ் விளிம்பில், கம்பிகள் கடக்கும் இரண்டு இடங்களில் மட்டும் விளிம்பு மெல்லத் தாழ்ந்து மறுபடி ஏறும். ஸ்நேர் பெட் என்பார்கள். கம்பி ஹெட்டோடு ஒட்டிப் படுக்க அந்தத் தாழ்வுதான் இடம் தருகிறது. தோல் காலத்து ஸ்நேர்களில் அது அகலமாகவும் ஆழமாகவும், 3 மி.மீ. வரைகூட இருக்கும். விளிம்பைச் சுற்றிலும் சமமாக வெட்டினால் அந்தத் தாழ்வு காணாமல் போகும். பிறகு கம்பியை எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்தில் மட்டும் அழுத்தி, நடுவில் தொங்கி, சர்ர் என்று இரைந்துகொண்டே இருக்கும். பள்ளம் இருப்பதைப் பார்த்து 'விளிம்பு கோணலாக இருக்கிறது' என்று தவறாக நினைத்துச் சமமாக்கிவிடுவதும் நடக்கிறது.

மூன்றாவது, ஷெல்லின் தடிப்பு. பழைய மூன்றடுக்கு ஷெல் 5 மி.மீ. அளவில் மெல்லியது. அது வளைந்து நசுங்காமல் இருக்க மேலும் கீழும் உட்பக்கம் ஒரு மர வளையம் ஒட்டியிருப்பார்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் விளிம்புக்கு உள்ளே ஒரு விரற்கடை உயரத்துக்குத் தெரிவது அதுதான். பின்னால் யாரோ ஒட்டுப்போட்டதல்ல, எடுத்துவிடாதீர்கள். மெல்லிய ஷெல் ஹெட்டின் அதிர்வில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும், தடித்த ஷெல் அவ்வளவு வாங்காது. அதனால் மெல்லியதில் சத்தம் கொஞ்சம் குறுகி, தணிந்து வரும். உட்புறம் சொரசொரப்பாகவோ மட்டமான பெயின்ட் பூசியோ இருந்தால் மேல் ஒலி இன்னும் கொஞ்சம் மங்கும். பளபளக்க வார்னிஷ் அடித்தால் சற்றுத் தெளியும். இந்த உட்பூச்சின் பங்கு விளிம்போடு ஒப்பிட்டால் சிறியது. ஆனாலும் உட்புறத்தை இழைக்க வேண்டாம். 5 மி.மீ.யில் அரை மில்லிமீட்டர் போனாலே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. போதாக்குறைக்கு அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூளை மூச்சில் இழுப்பது நல்லதல்ல.

மீதிக் காரணங்கள் கண்ணுக்குத் தெரிபவை, ஆனால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பழைய பேஸ் டிரம்மின் ஆழம் 14 அங்குலம்தான், இப்போது 18 வரை போகிறது. ஆழம் குறைவாக இருந்தால் முன் ஹெட் உடனே பதில் கொடுக்கும். அந்த முன் ஹெட்டில் மைக் நுழைக்கும் ஓட்டை கிடையாது, முழுசாக இருக்கும். உள்ளே தலையணை கிடையாது. ஹெட்டுக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு கம்பளிப் பட்டை, அவ்வளவுதான். டாம்களிலும் கீழ் ஹெட் கட்டாயம் இருக்கும். ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் ரிம் மெல்லிய இரும்புத் தகடாகவோ பித்தளையாகவோ இருந்தால் ஒன்று, வார்ப்பு ரிம்மாக இருந்தால் வேறு. வார்ப்பு ரிம் விறைப்பாக நின்று சத்தத்தை இன்னும் குறுக்கும். உங்கள் ஸ்நேரில் இருப்பது வார்ப்பு ரிம் என்று படத்திலேயே தெரிகிறது, அதை மலிவான தகட்டு ரிம்முக்கு மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய சினிமாப் பாட்டில் கேட்கும் டிரம்மோடு உங்கள் செட்டை ஒப்பிடுகிறீர்கள். அன்றைய சென்னை ஸ்டுடியோக்களில் பாடகரும் மொத்த வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு டிரம்முக்கும் தனி மைக் கிடையாது. ஒலிப்பதிவு நாடா உச்ச ஒலிகளைக் கொஞ்சம் மழுக்கும். தூரத்து மைக், கூடத்தின் எதிரொலி, நாடா மூன்றும் சேர்ந்த சத்தம் அது. வெளிநாட்டிலும் இதே கதைதான். 60களின் பிற்பாதியில் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் டிரம் மேல் துண்டுத்துணி போர்த்தி வாசித்ததை எல்லோரும் அறிவார்கள். எவ்வளவு சரியாகப் பழுது பார்த்தாலும் கச்சேரி மேடையில் ஒவ்வொரு டிரம்முக்கும் இரண்டங்குலத்தில் மைக் வைத்தால் அந்தச் சத்தம் வராது. செட் மேல் குற்றமில்லை.

இதுவரை சொன்னவை தட்டிப் பார்த்து உறுதிசெய்யக்கூடியவை. மரத்தின் வயது பற்றிய பேச்சு அவ்வளவு உறுதியானதல்ல. பல வருஷம் காய்ந்த மரம் சற்று எடை குறைந்து, அதிர்வை விழுங்குவதும் குறையும் என்பது மர ஆராய்ச்சியில் பேசப்படுவது. வயலின், கிடார் போன்றவற்றில் பலகையே பாடுவதால் அங்கே அது முக்கியம். டிரம்மில் பாடுவது ஹெட். ஷெல்லின் வயதால் வரும் மாற்றம், ஹெட்டை இறுக்கும் திருகான டென்ஷன் ராடை கால் திருப்பு திருப்பினால் வரும் மாற்றத்தைவிடச் சிறியது என்பது என் கணிப்பு. "அந்தக் காலத்து மரமே வேறு" என்பதும் அப்படித்தான். இருக்கலாம், ஆனால் விளிம்பும் ஹெட்டும் ஒரேமாதிரி வைத்துக் கண்ணை மூடிக் கேட்டால் மரத்தைக் கண்டுபிடிப்பது கடினம். சோதிக்க ஒரு வழி: நண்பர் யாரிடமாவது இருக்கும் சாதாரண 13 அங்குல டாமில் ஒற்றை அடுக்குப் பூச்சு ஹெட் மாட்டி, ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துணிப் பட்டையை ஒட்டி, சற்றுத் தளர்வாக ஸ்ருதி வைத்துத் தட்டிப் பாருங்கள். பழைய சத்தத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

இனி உங்கள் செட்டுக்கு என்ன செய்வது என்று பார்ப்போம். பரணிலிருந்து இறங்கியதும் எதையும் இறுக்கவோ ஒட்டவோ வேண்டாம். ஹெட், ரிம் எல்லாவற்றையும் கழற்றி, ஷெல்களை நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு வாரம் விடுங்கள். வெயிலில் வைத்தால் வெளி அடுக்கு முதலில் சுருங்கிப் பசை விட்டுப்போகும். கழற்றும்போது ஒவ்வொரு டிரம்மின் ராடு, வாஷர், ரிம்மையும் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். ராடு துருப்பிடித்து நகராவிட்டால் சாவியை முறுக்காதீர்கள். துரு நீக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு இரவு பொறுங்கள். புது ராடு வாங்கும்போது மரை ஒன்றாக இருக்கிறதா என்று விரலால் திருகிப் பாருங்கள். அமெரிக்க செட்டுகளின் மரை வேறு, ஜெர்மன் செட்டுகளின் மரை வேறு, பழைய பிரீமியர் போன்ற ஆங்கிலேய செட்டுகளின் மரை வேறு. இரண்டு சுற்றில் நின்றால் அது தவறான மரை. சாவி போட்டு ஏற்றினால் ராடைப் பிடிக்க ஷெல்லில் பொருத்திய லக்குக்குள் இருக்கும் நட்டு அழிந்துவிடும், அந்த நட்டு கிடைப்பது கடினம்.

ஷெல் காய்ந்த பிறகு மூன்று சோதனை. முதலாவது, விரல் முட்டியால் உள் வளையத்தைச் சுற்றிலும் தட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே 'டக்' வர வேண்டும். ஓரிடத்தில் 'டப்' என்று செத்தோ, சன்னமாக இரைந்தோ கேட்டால் அங்கே வளையம் ஷெல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. இரண்டாவது, கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மி.மீ. தடிப்புள்ள சதுரக் கண்ணாடி வாங்கி மேசையில் வையுங்கள். ஷெல்லை அதன் மேல் கவிழ்த்து, உள்ளே டார்ச்சைப் போட்டு, அறை விளக்கை அணையுங்கள். விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பள்ளம். ஒரு விசிட்டிங் கார்டு நுழையாத அளவு கசிவு இருந்தால் கவலை வேண்டாம். பழைய டிரம்களில் அது சகஜம், மைலார் அதைத் தாங்கிக்கொள்ளும். ஸ்நேரின் கீழ் விளிம்பில் எதிரெதிரே இரண்டு இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் அது பள்ளமல்ல, மேலே சொன்ன ஸ்நேர் பெட். மூன்றாவது, ஒவ்வொரு ஷெல்லின் குறுக்களவையும் நான்கு திசையில் எடுங்கள். இரண்டு மி.மீ. வரை வித்தியாசம் பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் ஹெட் ஒரு பக்கம் இடித்து மறுபக்கம் தளரும், ஸ்ருதி நிற்காது.

பிரிந்த வளையத்தையும் அடுக்கையும் ஒட்டத் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். ஈரம் தாங்கும் வகையாகப் பாருங்கள். மெல்லிய தகட்டால் பிளவைச் சற்றே திறந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் பசையைச் செலுத்தி, ஷெல்லின் வளைவுக்குச் சீவிய மரத்துண்டுகளை இருபுறமும் வைத்து கிளாம்ப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். உடனடிப் பசை வேண்டாம், அது கண்ணாடிபோல் இறுகி அதிர்வில் நொறுங்கும். பேர்ல் கவர் ஓரத்தில் கழன்றிருந்தால் சூடுகாட்டி ஒட்ட முயலாதீர்கள். பழைய கவர்களில் சில செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை, சுலபமாகத் தீப்பிடிக்கும். மஞ்சள் நிறம் ஆழமாகப் போயிருக்கும், பிளீச்சால் போகாது. கார் பாலிஷ் கொண்டு மெதுவாகத் தேய்த்தால் பளபளப்பு திரும்பும், அந்தத் தந்த நிறத்தை அப்படியே விட்டுவிடுங்கள். குரோம் துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். குரோமுக்குக் கீழே இரும்பு பொரிந்து குழி விழுந்திருந்தால் அது போகாது. கடற்காற்று உப்பின் வேலை அது, சத்தத்தைப் பாதிக்காது.

லக்குகளுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். அது ஆடினால் ஒவ்வொரு அடிக்கும் கிணுகிணுக்கும். இதைக் கேட்டுவிட்டு ஷெல் விரிசல் என்று பயப்படுவார்கள். லக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கைச் சுற்றி கொஞ்சம் பஞ்சோ கம்பளித் துண்டோ திணித்தால் அடங்கும். டாமுக்கு உள்ளே திருகினால் ஹெட்டைத் தொடும் கம்பளி மெத்தை இருந்தால் அதன் கம்பியும் இதேபோல் ஆடும். இறுக்குங்கள், தூக்கி எறியாதீர்கள்.

ஹெட் வாங்குவதற்கு முன் அளவு. பழைய ஷெல்கள் சொன்ன அளவுக்கு முழுசாகவே இருக்கும், அதற்கு மேல் பேர்ல் கவரின் தடிப்பு வேறு. இப்போதைய ஷெல்களை வெளிவிட்டத்தில் 2, 3 மி.மீ. குறைத்தே செய்கிறார்கள், ஹெட் சுதந்திரமாக மிதக்க வேண்டும் என்பதற்காக. இன்றைய ஹெட்டைப் பழைய ஷெல்லில் வைத்தால் சில சமயம் மூடிபோல் இறுகும். வைத்துவிட்டு விரலால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்ற வேண்டும். இறுகினால் ஸ்ருதி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும், சத்தம் தொண்டையை நெரித்ததுபோல் வரும். அப்போது ஷெல்லையோ கவரையோ தேய்த்துக் குறைக்க ஒரு யோசனை வரும். வேண்டாம். இதற்கென்றே வளையத்தைச் சன்னமாக்கிய ஹெட்டை ரெமோ கம்பெனி கிளாசிக் ஃபிட் என்ற பெயரில் செய்கிறது. உங்களுடையது 60களின் பிரீமியராக இருந்தால் 12, 14 அங்குல அளவுகளில் சர்வதேச அளவைவிடச் சற்றுப் பெரிய ஷெல் என்பதால் அதற்கான தனி அளவு ஹெட்டே வேண்டும்.

மேல் ஹெட்டுகள் ஒற்றை அடுக்கு, வெள்ளைப் பூச்சு, 10 மில், அதாவது கால் மில்லிமீட்டர் தடிப்பு. டாம்களின் கீழ் ஹெட்டும் ஒற்றை அடுக்கே, பூச்சில்லாமல் இருக்கலாம். ஸ்நேரின் கீழ் ஹெட் 3 மில், மிக மெல்லியது. ஸ்நேர் சைடு என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண ஹெட்டை மாட்டினால் கம்பி பேசாது. பேஸ் டிரம்முக்கு இரண்டு பக்கமும் பூச்சுள்ள ஒற்றை அடுக்கு, பின்பக்கம் நடுவிலிருந்து சற்று விலகி மூன்று விரல் அகலக் கம்பளிப் பட்டை ஒன்று. முன் ஹெட்டில் ஓட்டை போட வேண்டாம்.

ஸ்ருதி வைக்கும்போது கீழ் ஹெட்டிலிருந்து தொடங்குங்கள். ராடுகளை விரலால் மட்டும் இறுக்கி, உள்ளங்கையால் நடுவே நன்றாக அழுத்தி ஹெட்டை விளிம்பில் படியவைக்க வேண்டும். உருண்ட விளிம்பில் இது கட்டாயம், இல்லாவிட்டால் ஓரத்தில் சுருக்கம் நிற்கும். பிறகு எதிரெதிர் ராடாக அரைச் சுற்று, சுருக்கம் மறைந்ததும் கால் சுற்று. ஒவ்வொரு ராடுக்கும் ஒரு அங்குலம் உள்ளே தட்டி ஒரே ஸ்வரம் வரும்வரை சரிசெய்யுங்கள். கீழ் ஹெட்டை மேல் ஹெட்டைவிட ஸ விலிருந்து சாதாரண காந்தாரம் அளவுக்கு ஏற்றி வைத்தால் சத்தம் குறுகித் தெளியும். இரண்டையும் ஒரே ஸ்ருதியில் வைத்தால் நீளும். ஃப்ளோர் டாமை ஸ என்று வைத்து 13 அங்குல டாமை சுத்த மத்யமத்தில் நிறுத்துங்கள், காதுக்கு நிறைவாக இருக்கும். ஸ்ருதியை ஒரு ஸ்தாயி ஏற்ற நான்கு மடங்கு இழுவிசை வேண்டும். ஆகவே மெல்லிய பழைய ஷெல்லில் மிக உயரத்துக்குப் போகாதீர்கள், வளையம் விட்டுப்போவது பெரும்பாலும் அப்படி இறுக்கியதால்தான்.

விளிம்பில் கை வைத்தே ஆக வேண்டிய நிலை எப்போது? கண்ணாடிச் சோதனையில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால், விளிம்பு உடைந்து துண்டு போயிருந்தால், முன்பே யாரோ கோணலாகச் சீவியிருந்தால். அப்போதும் எடுத்த எடுப்பில் வெட்டுவதில்லை. உடைந்த இடத்தில் மரத்தூளும் பசையும் குழைத்தோ சிறு மரத்துண்டு வைத்தோ நிரப்பி, கண்ணாடி மேல் 150 எண் உப்புத்தாளை ஒட்டி, ஷெல்லை அதன் மேல் நான்கைந்து முறை வட்டமாக நகர்த்தி உயர்ந்த இடத்தை மட்டும் குறைக்கலாம். ஸ்நேரின் கீழ் விளிம்பை மட்டும் இப்படித் தேய்க்கக் கூடாது. பிறகு வெளிப்பக்க உருட்டலைக் கையாலேயே மீண்டும் உருட்டிவிடுங்கள். பழுது பார்ப்பவரிடம் "45 வேண்டாம், இருக்கும் உருவத்திலேயே சமன் செய்தால் போதும்" என்று சொல்லுங்கள். வேலைக்கு முன் விளிம்பின் குறுக்குத் தோற்றத்தைக் களிமண்ணிலோ பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அச்சுப் பொருளிலோ பதித்து வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட உதவும்.

வில்லை இல்லாமல் எந்தக் கம்பெனி என்று படத்தை வைத்து மட்டும் சொல்வது சரியாகாது. லக்கின் வடிவமும் மரையும் ஷெல்லின் உள் அடுக்கும் சேர்ந்தால்தான் சொல்ல முடியும். கவரோடு சேர்த்து 13 அங்குல டாமின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். சரியாக 13 அங்குலம் என்றால் 330 மி.மீ. ஸ்நேருக்கும் அதேபோல், 14 அங்குலம் என்றால் 355.6. அந்த இரண்டு எண்ணும் வந்தால் எந்த ஹெட் வாங்கலாம் என்று சொல்லிவிடலாம். மழை தொடங்குமுன் ஒட்டும் வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசியில் முதுநகர்க் காற்றில் வெள்ளைப் பசை காயவே இரட்டிப்பு நேரம் எடுக்கும்.